பாதைக்குக் கட்டிய முள்

பாக்சோஸ் தீவு
8 பிப்ரவரி 1998

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அட்டை வந்து சேர்ந்தது. உன் பெயரைத் தவிர அதில் ஒரு எழுத்துகூட இல்லை. தபால்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன மாக்கிஸ், உங்க அக்காவுக்குப் பேனாவுல மை தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார். ஒன்பது வருஷமாக உனக்கு மை தீர்ந்துதான் கிடக்கிறது. பரவாயில்லை, நான் எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். இந்த வருஷம் ஆலிவ் நன்றாக விழுகிறது. நவம்பரிலேயே வலைகளை விரித்துவிட்டேன். அப்பா காலத்து வலைகளில் கிழிசல் அதிகம். வழக்கமான நீலக் கயிற்றால் நானே தைத்தேன். யோட்டா என் தையலைப் பார்த்து, "இதுல ஆலிவ் தங்காது, ஆடுதான் மாட்டும்" என்றாள். என் மனைவி வாயைத் திறந்தால் இப்படித்தான். உனக்குத் தெரியாததா?

உன் பெயரை வைத்த பெண்ணுக்கு வரும் ஜூனில் ஒன்பது வயது. என் மாமியார் தன் பெயரை வைக்கவில்லை என்று இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குட்டி சஃபீரோ உன்னை மாதிரியே நடக்கிறாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. அத்தையை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

முக்கியமான செய்தி இனிமேல்தான். கடலோரப் பாதையை மறுபடி திறக்கிறார்கள். நம் தோப்பு வழியாக இறங்கி, பாறை ஓரமாகக் கலங்கரை விளக்கம் வரை போகும் அதே பாதை. இடிந்த இடத்தில் மரவேலி போட்டாயிற்று. கோர்ஃபூவிலிருந்து நெஃபெலி என்று ஒரு பெண் வழிகாட்டியாக வந்திருக்கிறாள். கெட்டிக்காரி, ஆனால் நம் சுவர்களும் வாசல்களும் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு திறப்பு. ஊராட்சித் தலைவர் என்னைக் காபிக்கடையில் பிடித்து, "உங்க அக்காவைக் கூப்பிடு. நடந்தது நடந்துபோச்சு, அதை இனிமே யாரும் கிளற மாட்டோம்" என்றார்.

வா அக்கா. உன் அறையில் வலை மூட்டைகளைப் போட்டு வைத்திருந்தோம். எடுத்துவிட்டேன்.

உன் தம்பி,
மாக்கிஸ்


பாத்ராஸ்
23 பிப்ரவரி 1998

தம்பிக்கு,

மை கொஞ்சம் மீதியிருந்தது.

நான் சௌக்கியம். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை தொடர்கிறது. தினமும் இருநூறு பிள்ளைகளுக்குப் பருப்பு வேகவைக்கிறேன். மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகச் சுவர் ஓரமாக நடக்கிறேன். அங்கே தடுக்கி விழக்கூட ஒரு கல் கிடையாது.

தலைவர் சொன்னதைப் படித்தேன். எல்லாருமாகச் சேர்ந்து என்னை மன்னித்துவிட்டார்கள் போலிருக்கிறது. பெரிய மனசு. மன்னிப்பு வாங்கிக்கொள்ள அவ்வளவு தூரம் படகேறி வர எனக்குத் தெம்பில்லை என்று சொல்லிவிடு.

ஹென்றிக் புது வருஷத்துக்கு எழுதியிருந்தார். நினைவிருக்கிறதா, நான் வழிகாட்டி அழைத்துப் போனபோது விழுந்தவர்? ஹாலந்தில் தபால்காரராக இருந்தவர், முப்பது வருஷம் நடந்து நடந்து கடிதம் கொடுத்தவர். இரண்டு கோல் இல்லாமல் எழுந்திருக்க முடியாதாம். ஆனாலும் அந்தத் தோப்பின் நிழலை மறக்கவில்லை என்று எழுதுகிறார். ஒவ்வொரு வருஷமும் அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

குழந்தைக்கு ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன். அளவு தெரியாமல் தைத்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாதை கெட்டுப்போனால் முள் கட்டுகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறதா? இல்லை, அதற்கும் ஊராட்சி பலகை வைத்துவிட்டதா?

சஃபீரோ


பாக்சோஸ்
8 மார்ச் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டை ஒரு விரற்கடை நீளம். அதைக் கழற்ற மாட்டேன் என்கிறாள்.

உன் கடிதத்தின் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நீ தெரிந்து கேட்டாயா, தெரியாமல் கேட்டாயா? எப்படியிருந்தாலும் இனிமேல் என்னால் தாங்க முடியாது. எழுதிவிடுகிறேன்.

அந்த ஏப்ரலில் மூன்று நாள் மழை பெய்ததே, அது விட்ட வியாழக்கிழமை நான் கீழே போனேன். பாறை ஓரத்தில் பாதை விரிசல் விட்டிருந்தது. கால் வைத்தால் போய்விடும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஒரு பெரிய முள் புதரை வெட்டிக் குறுக்கே போட்டு, இரண்டு பக்கமும் கல்லோடு நீலக் கயிற்றால் கட்டினேன். முள் கட்டியிருந்தால் எந்த வழிகாட்டியும் எந்த இடையனும் திரும்பிப் போய்விடுவான், உன்னிடம் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன். உன் கூட்டம் அடுத்த வாரம்தான் வருகிறது என்றும் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை தானோஸின் ஆடுகள் நம் சுவரில் ஒரு இடைவெளியை இடித்து உள்ளே வந்துவிட்டன. வலை முழுக்க ஆலிவ். மிதித்து நாசம் செய்துகொண்டிருந்தன. அடைக்கக் கையில் எதுவும் கிடைக்கவில்லை. ஐம்பது அடி தள்ளி அந்த முள் கிடந்தது. கயிற்றை அறுத்து இழுத்துக்கொண்டு வந்து இடைவெளியை அடைத்தேன். மத்தியானம் வேறு முள் வெட்டிப் பாதையில் கட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன் அக்கா. சத்தியமாக அப்படித்தான் இருந்தேன். நீ பதினொரு மணிக்கே அவர்களை அழைத்துக்கொண்டு இறங்கிவிட்டாய்.

போலீஸ்காரர், "பாதை மூடியிருந்ததா, ஏதாவது அடையாளம் இருந்துச்சா?" என்று கேட்டபோது, "நான் ஒண்ணும் பாக்கல" என்று சொன்னேன். யோட்டாவுக்கு அப்போது ஏழு மாதம். ஜெயிலுக்குப் போய்விடுவேனோ என்று பயந்தேன். ஒரு நாள் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு ஒரு வாரம். அதற்குள் காபிக்கடையில், "சஃபீரோ வழியைப் பாக்காம ஆளுங்களைக் கூட்டிட்டுப் போயிட்டா" என்று பேச்சு முற்றிவிட்டது. உன் வழிகாட்டி உரிமத்தையும் பிடுங்கிவிட்டார்கள். பிறகு நீ படகேறிவிட்டாய்.

நான் கெட்டவன் இல்லை அக்கா. கோழை. எழுதி முடித்ததும் கொஞ்சம் மூச்சு வருகிறது. நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, ஆனால் வா.

மாக்கிஸ்


பாத்ராஸ்
20 மார்ச் 1998

அன்புள்ள மாக்கிஸ்,

எனக்கு அன்றைக்கே தெரியும்.

ஹென்றிக்கை எப்படி மேலே கொண்டுவந்தோம் என்று யோசித்துப் பார். ஆலிவ் வலையை நான்காக மடித்து அதில் கிடத்தி, எட்டுப் பேர் பிடித்து, தோப்பு வழியாகத் தூக்கி வந்தோம். நீ முன்பக்கத்து மூலையைப் பிடித்திருந்தாய். நான் உனக்குப் பின்னால். அந்த இடைவெளியைத் தாண்டும்போது முள்ளைப் பார்த்தேன். இரண்டு முனையிலும் அறுந்த நீலக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டுக்குச் சுவர் அடைக்கிற முள்ளுக்கு யாரடா கயிறு கட்டுவார்கள்? பாதைக்குக் கட்டியதை எடுத்து வந்திருக்கிறாய் என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. மறுநாள் போய் அந்தக் கயிற்றில் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். நான் சொன்னால் அது காட்டிக்கொடுப்பது. நீ சொன்னால் நீ என் தம்பி. வீட்டில் ஒரே மேஜையில் ஒரு மாதம் முழுக்க உன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். தினமும் நீ ரொட்டியைப் பிட்டு என் பக்கம் வைப்பாய், வாயைத் திறப்பாய், "உப்பு போதுமா?" என்பாய். ஊர் பேசியதற்காக நான் கிளம்பவில்லை. நீ பேசாததால்தான் கிளம்பினேன்.

ஆடு வந்தது, முள்ளை எடுத்தாய். அந்த நேரத்தில் நானாக இருந்தாலும் எடுத்திருப்பேனோ என்னவோ. அதை மன்னித்து வெகுநாளாயிற்று.

நீ எழுதியதைப் படித்து அழுதேன். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் இதை எனக்குச் சொன்னது போதாது, எனக்குத்தான் முன்பே தெரியுமே. திறப்பு நாளில் நம் தோப்பு வாசலில் ஊரே கூடியிருக்கும். அங்கே எழுந்து நின்று சொல். நாலு வாக்கியம் போதும். சொன்னாயானால் நான் வருகிறேன். உன் வீட்டிலேயே இருக்கிறேன். அந்தப் பெண் நெஃபெலிக்குச் சுவர் சுவராகக் காட்டித் தருகிறேன். மாடிப்படி ஏறி ஏறி எனக்கும் அலுத்துவிட்டது.

ஹென்றிக்குக்கு அதன் பிறகு நாம் இருவருமாக எழுதலாம்.

உன் அக்கா,
சஃபீரோ


பாக்சோஸ்
29 ஏப்ரல் 1998

என் அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். நீ கேட்டபடியே சொல்லிவிட்டேன்.

பாதிரியார் ஆசீர்வாதம் முடித்ததும் தலைவர் பேசினார். அவர் முடித்த பிறகு நான் சுவர்மேல் ஏறி நின்றேன். "எங்க அக்கா மேல தப்பு இல்ல, முள்ளை எடுத்தவன் நான்தான்" என்றேன். தானோஸ் கிழவன் தொப்பியைக் கழற்றினான். பாதிரியார் என் தோளில் கை வைத்தார். யோட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைவர் என் கையைப் பிடித்து, "பெரிய மனுஷன்யா நீ" என்றார். நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். காற்று பலமாக இருந்ததால் உனக்குப் படகு கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இனி உனக்கு என்ன தடை? அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தாயிற்று. குட்டி சஃபீரோ தினமும் துறைமுகத்துக்குப் போய் நிற்கிறாள்.

பாதைக்கு நல்ல கூட்டம். அன்றைக்கு மட்டும் வெளிநாட்டுக்காரர்கள் நாற்பது பேர். நெஃபெலி வாரம் மூன்று நாள் அழைத்துப் போகிறாள். ஜனங்கள் வந்தால் சில்லறை விளையாட்டுகளும் வரும் போலிருக்கிறது. அன்று சாயங்காலம் மழைநீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில், படி இறங்குகிற இடத்தில், யாரோ ஒரு முள் கிளையை நைந்த நீலக் கயிற்றால் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பாதைதான் புதிதாகச் சரிசெய்திருக்கிறதே, முள்ளுக்கு அங்கே என்ன வேலை? இப்போதெல்லாம் முள்ளைப் பார்த்தாலே எனக்குப் பிடிப்பதில்லை. பிய்த்துக் கடலில் எறிந்துவிட்டேன்.

எந்தப் படகில் வருகிறாய் என்று மட்டும் எழுது.

உன் தம்பி,
மாக்கிஸ்


பாத்ராஸ்
6 மே 1998

தம்பிக்கு,

அன்று காற்று பலமாக இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. நான் காலைப் படகில்தான் வந்தேன்.

முன்கூட்டிச் சொல்லவில்லை. நீ பேசி முடித்ததும் கூட்டத்திலிருந்து வெளியே வந்து உன் முன்னால் நிற்க வேண்டும் என்று ஒரு ஆசை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அந்த நாற்பது பேரோடு நின்றேன். நடக்க வருகிறவர்களை நம் ஊரில் யார் முகம் பார்க்கிறார்கள்? தலைவர் பேசினார். முடித்துவிட்டு, "மாக்கிஸ், நீ ஏதாவது சொல்றியா?" என்று உன்னைப் பார்த்துக் கேட்டார். நீ வாயைத் திறந்தாய். "எல்லாரும் பாதாம் இனிப்பு எடுத்துக்கங்க" என்றாய்.

உன் மகள்தான் தட்டை நீட்டினாள். நான் தைத்த சட்டை போட்டிருந்தாள். பெயர் கேட்டேன். "சஃபீரோ. எங்க அத்தை பேரு" என்றாள். அத்தை எங்கே என்று கேட்டேன். "பாத்ராஸ்ல. எங்க மேல கோவம்னு அப்பா சொல்வாரு" என்றாள். நான் ஒரு இனிப்பை எடுத்துக்கொண்டேன். தின்னாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் தோப்பில் சுற்றினேன். நீ தனியாக வந்தால் பேசலாம் என்று. நீ தலைவரோடு சிரித்துக்கொண்டு போய்விட்டாய். உன்னை வெறுக்கவில்லை மாக்கிஸ். பயந்தவன் பேசாமல் இருந்துவிட்டான், அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். "என்னால முடியலக்கா" என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்நேரம் பெட்டி கட்டியிருப்பேன். நீ எழுதியது தானோஸ் தொப்பி கழற்றியது வரைக்கும் ஒரு முழுக் கதை.

நான் வரவில்லை. அறைக்கு வலை மூட்டைகள் திரும்பிப் போகட்டும். குழந்தையிடம் மட்டும், அத்தைக்கு அவள்மேல் கோபம் இல்லை என்று சொல்.

அந்த முள்ளைக் கட்டியது நான்தான். தொட்டிக்குப் பக்கத்தில் இறங்கும்போது எல்லாரும் கை ஊன்றுகிற கல் ஆடிக்கொண்டிருந்தது. நெஃபெலி கூட்டத்தோடு பாறைப் பக்கம் போய்விட்டிருந்தாள், எனக்குப் படகுக்கு நேரமாகிவிட்டது. நம் ஊரில் யார் பார்த்தாலும் புரியும் என்று, பையில் கொண்டு வந்திருந்த உன் பழைய கயிற்றாலேயே கட்டிவிட்டு வந்தேன். யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று நீ கேட்கவும் இல்லை. மறுபடியும் எடுத்துவிட்டாய்.

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. படித்ததும் கீழே கடைக்கு ஓடிப்போய் ஊராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நல்ல வேளையாக நெஃபெலி அங்கேயே இருந்தாள். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். கல் எந்த இடத்தில் என்று சொன்னேன். உடனே ஆள் அனுப்புகிறேன் என்றாள், நன்றி சொன்னாள். நீங்கள் யார் என்று கேட்டாள். முன்னால் அங்கே வழிகாட்டியாக இருந்தவள் என்றேன்.

அவ்வளவுதான் தம்பி. சொல்வதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சஃபீரோ