இடம் பார்க்கப் போனவன்

இன்று காலை மதுரையில் ஒரு மண்டபம் பார்க்கப் போனேன். உள்ளே நுழைந்ததும் புதுச் சுண்ணாம்பின் வாசனை. மண்டபத்துக்காரர் மின்விசிறிகளை ஒவ்வொன்றாகச் சுழலவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது என் முதுகுக்குப் பின்னால், "வாறவுக யாரு மாப்ள? அதச் சொல்லு மொதல்ல" என்று நீ கேட்டாய். சட்டென்று திரும்பினேன். சுவரோரம் அடுக்கிய நாற்காலிகள்தான் இருந்தன.

"யாரையாச்சும் எதிர்பாக்குறீங்களா சார்?" என்றார் மண்டபத்துக்காரர். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

நீ இப்படித்தான் வருகிறாய். வீட்டுக்கு வருவதில்லை, கனவிலும் வருவதில்லை. கம்பெனி விழாவுக்கு நான் இடம் பார்க்கப் போகும்போது மட்டும் வருகிறாய்.

இராமநாதபுரத்துக் கிளையில் நாம் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். நைலான் வலை விற்கும் கம்பெனி. நான் வானம் பார்த்த பூமியில் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. கடலைத் தூர நின்று பார்த்ததோடு சரி. நீ தங்கச்சிமடத்துக்காரன். அதுவரை பருத்தி நூல் வலையே பழகிய குடும்பங்களை அழைத்து, புது வலையைக் காட்டி விழா நடத்தும்படி மெட்ராஸ் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. மேனேஜர் இராமநாதபுரத்திலேயே பெரிய மண்டபமாகப் பேசி வைத்தார். ஒலிபெருக்கி, பாட்டுக் கச்சேரி, டீ, பிஸ்கட்.

நீ எழுந்து நின்றாய். "சார், எங்க ஊர்ல போன மாசம் ரெண்டு பேர கடல் கொண்டு போயிருச்சு. ஒரே வீட்டு அண்ணன் தம்பிக. இப்பக் கச்சேரின்னா ஒருத்தரும் வரமாட்டாக."

"அப்போ வேண்டாம்னு எழுதிடவா?"

"நடத்துவோம் சார். அங்கன போயி நடத்துவோம். பாட்டு மட்டும் வேணாம்."

மேனேஜர் நல்ல மனிதர். "சரி, நீயே பாத்து ஏற்பாடு பண்ணு" என்றார்.

இடம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி, நீ என்னை முதலில் கூட்டிப்போனது இறந்தவர்களின் வீட்டுக்கு. மூத்தவரின் மனைவி வாசலில் உட்கார்ந்திருந்தார். "வலைய எனக்கா காட்டப் போறிய? இனி எங்க வீட்டுக்கு வலை எதுக்கு?" என்று கேட்டார். எனக்கு அங்கே நிற்கவே கூசியது. நீ மணலில் உட்கார்ந்தாய்.

"நீங்க வரலேன்னா இங்கன நடத்தல மதினி."

அவர் தென்னந்தோப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கடல் தெரியாத பக்கமாப் போடு" என்றார்.

தென்னந்தோப்பில் பந்தல் போட்டு, கடலைப் பார்த்த பக்கம் முழுக்க ஓலைத்தட்டி கட்டி மறைத்தாய். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து ஊரே வந்தது. மேடை கிடையாது. பாயில் வலையை விரித்துப் போட்டோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்து கண்ணியை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். அந்த மதினியும் வந்து ஓரத்தைப் பிடித்து இழுத்தார். இழுத்தவர் விடவில்லை, மடியில் போட்டுக்கொண்டு அழுதார். ஊர் முழுவதும் அவரோடு சேர்ந்து அழுதது. விழா கெட்டுவிட்டதென்று நான் பதறினேன். நீ என் கையைப் பிடித்து, "அழட்டும் மாப்ள. இதுக்கும் ஒரு எடம் வேணும்ல" என்றாய்.

அடுத்த வருடம் இலங்கை வியாபாரிகளை அழைக்கும் பேச்சு வந்தது. "கப்பல்ல அலைஞ்சு வாறவுகள மறுபடி ரயில்ல ஏத்தக் கூடாது. எறங்குற எடத்துலயே வைப்போம். தனுஷ்கோடியில ஒரு எடம் பாத்துட்டு வாரேன்" என்றாய். ரயிலடியில் உன்னை ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியே தலையை நீட்டி, "நாளைக்கு வந்துருவேன்" என்றாய். லேசாக மழை தூறிக்கொண்டிருந்தது.

அன்று இரவு அடித்த புயல் தனுஷ்கோடி என்ற ஊரையே எடுத்துக்கொண்டது. பாம்பன் பாலமும் உடைந்து போனது. படகு கிடைத்ததும் அக்கரைக்குப் போனேன். தப்பி வந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். கப்பல் துறைப் பக்கம் உன்னைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அது நீ இல்லை என்றார் கூட இருந்தவர். உன் உடல் கிடைக்கவே இல்லை.

வாரங்கள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். "அவனுக்கு ஒரு இரங்கல் கூட்டம் வைக்கணும். இடம் நீதான் பாக்கணும்" என்றார். உனக்கான கூட்டத்துக்கு நான் இடம் பார்ப்பதா? எங்கே தொடங்குவது என்று தெரியாமல் உன் அம்மாவிடம் போய் நின்றேன்.

"படத்துக்கு மாலை போடுற எடத்துக்கு நா வரல தம்பி. எம்மவன் செத்தத யாரு பாத்தா?"

நான் திரும்பி நடந்தபோது கூப்பிட்டார்.

"சோறு போடுறதுன்னா வாரேன். அவங் கூட்டாளிக எல்லாரும் வரட்டும். பாம்பன்லேருந்து அவன் வழக்கமா வாற பாதை தெரியிற எடமாப் பாரு."

அம்மா என்னோடு நடந்தே வந்தார். தேவாலயத்துக்கு அருகில் ஓரிடம் காட்டினேன்; வேண்டாம் என்றார். புயலில் பாதி சாய்ந்து நின்ற ஒரு பூவரச மரத்தடியில் தாமாகவே உட்கார்ந்தார். பாதையைப் பார்த்தார். "இங்கன சரி" என்றார்.

உன் படம் இல்லை. இரங்கல் பேச்சும் இல்லை. இலை போட்டுச் சோறு பரிமாறினோம். பாதிப் பந்தியில் பாதையில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் இறங்கினான். அம்மா எழுந்துவிட்டார். அத்தனை பேரின் கையும் இலையில் அப்படியே நின்றது. நானும் எழுந்து நின்றேன். அது நீ என்றே நம்பினேன். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேறு பக்கம் நடந்தான்.

அவன் மறையும் வரை பார்த்துவிட்டு அம்மா திரும்பினார். "சோறு ஆறுது. சாப்புடுங்க" என்றார். மேனேஜர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார்.

அம்மாவை இப்போதும் போய்ப் பார்க்கிறேன். உன்னைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. "அடுத்த கூட்டம் எங்கன தம்பி?" என்று மட்டும் கேட்பார். சொல்வேன். "வழி சொல்லிட்டியா எல்லாருக்கும்?" என்பார். சொல்லிவிட்டேன் என்பேன்.

மதுரை மண்டபத்தைப் பேசி முடித்துவிட்டேன். வாசலைப் பார்த்து உட்காரும்படி நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, கதவைச் சாத்த ஆள் வருவான். எந்த ஊர் மண்டபமானாலும் அவனிடம் நான் சொல்வது ஒன்றுதான்: "கொஞ்சம் பொறுத்துச் சாத்துப்பா." எதற்கு என்று இதுவரை ஒருவனும் கேட்கவில்லை.