ஹால்வர் வீட்டுக் காபி

வடக்கு டகோட்டா,
பிப்ரவரி 9

அன்பு மகன் டேரினுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கர்த்தர் கிருபையால் சுகம், மூக்கு மட்டும் இருவருக்கும் மரத்துக் கிடக்கிறது. நீ போர்ட்லண்டில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன், தினமும் அதற்காக ஜெபிக்கிறேன்.

நம் ஐடஹோ குளிரைப் போய்க் குளிர் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே கண்ணு, இங்கே இரவெல்லாம் கரண்டு கொடுத்து எஞ்சினைச் சூடாக வைத்தால்தான் கார் காலையில் அசைகிறது. இந்த வயதில் உங்களுக்கு எதற்கம்மா ஊழியம் என்று போனில் கேட்டாய். பிரசங்கம் கேட்க இங்கே யாருக்கும் பொழுதில்லை, வாசல் பனியை அள்ளுவதும் வெளியே வர முடியாத முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவதும்தான் வேலை. அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டாலும் மண்வெட்டியை என்னிடம் தருவதில்லை, உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் தேடவே வேண்டாம்.

சாப்பாடு வாங்குகிறவர்களில் ஹால்வர் என்று ஒரு நார்வேக்காரக் கிழவர், தனிக்கட்டை, பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. முதல்நாள் இடது கையாலேயே எங்களுக்குக் காபி ஊற்றி வைத்தார். நம் சபைக் கட்டளைப்படி காபியைத் தொடுவதில்லை என்று அப்பா சொன்னதும் முகம் சுண்டிப்போய், "என் வீட்டுக் காபி உங்க வாய்க்கு ஆகாதுன்னா உங்க சோறும் எனக்கு ஆகாது, எடுத்துட்டுப் போங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். அப்புறம் வாசலில் வைத்துவிட்டு வந்த சாப்பாடெல்லாம் கல்லாய் உறைந்து அப்படியே கிடந்தது. மனிதர் பட்டினியில் போய்விடுவாரோ என்று எனக்கு ஒரே பயம்.

போன மாதம் ஒருநாள் உள்ளே முனகல் கேட்டு அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு போனார். கெட்டில் நழுவி வெந்நீர் காலில் கொட்டியிருந்தது. நாங்கள் மருந்து வைத்துக் கட்டி முடித்ததும், "காபி பாதியில நிக்குதுய்யா" என்றார் கிழவர், குழந்தை மாதிரி. அப்பா கீழே கிடந்த கெட்டிலை எடுத்து மறுபடி அடுப்பில் வைத்தார். பிறகு, எத்தனை கரண்டி என்று கேட்டார். அவர் போட்டதை ஒரு வாய் குடித்துவிட்டு, "போதகரே, இது காபியா சேத்துத் தண்ணியா" என்று ஹால்வர் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று சாப்பாட்டையும் மிச்சம் வைக்கவில்லை.

இப்போது தினமும் காலையில் அப்பாதான் போய்ப் போட்டுக் கொடுக்கிறார். தான் வெறும் வெந்நீரை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார். பையன் உண்டா என்று கிழவர் கேட்டதற்கு, "ஒருத்தன் இருக்கான், அவனும் காபி குடிப்பான்" என்றாராம். "அப்ப அவனுக்கும் நீதான் போட்டுக் கொடுப்பியா?" என்று அவர் கேட்க, இவர் எழுந்து கோப்பையைக் கழுவப் போய்விட்டாராம். கிழவர்தான் இதை என்னிடம் சொன்னார்.

நன்றி சொல்லும் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தவனை, கையில் காபி இருந்ததற்காக, இந்த வீட்டில் அது வேண்டாம் என்று அப்பா சொன்னதும், நீ பனியில் நின்று குடித்துவிட்டு அப்படியே காரை எடுத்துக்கொண்டு போனதும் எனக்கு மறக்கவில்லை. அதிலிருந்து மூன்று வருடமாக என்னோடு மட்டும் பேசுகிறாய். அவரும் உன் பெயரை எடுப்பதில்லை, ஆனால் உன் போன் வந்தால் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். ஏப்ரலில் ஊழியம் முடிந்து வீடு திரும்புகிறோம். நீ வர வேண்டும் டேரின், வேறொன்றும் நான் கேட்கவில்லை. பெட்டி அடியில் அப்பா தன் கம்பளிக் காலுறைக்குள் ஒரு புதுக் காபிப் பாத்திரத்தைச் சுற்றி வைத்திருக்கிறார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது, நீயும் காட்டிக்கொள்ளாதே.

மழையில் தலை நனைய நடக்காதே, நான் பின்னிய தொப்பியைப் போட்டுக்கொள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அம்மா,
வெர்லா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அப்பா வந்து, டேரின் பால் ஊற்றிக் குடிப்பானா, வெறுமனே குடிப்பானா என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அவருக்கே எழுது.