கோழி ஏன் திரும்பவில்லை

மார்ச் 9, ஞாயிறு
என் கதை ஞாயிறு பதிப்பில் வந்துவிட்டது! கோழிக் கதைதான். வீட்டுக்காரி அடைத்துவைத்த கோழி ஒருநாள் லோங்காங் சாக்கடையைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறது. திரும்பவில்லை. அவ்வளவே. கணவர் ரொனால்ட் படித்துவிட்டு, "நம்ம கோழியா?" என்றார். நம்ம கோழியேதான். அதை பியாவாக் உடும்பு இழுத்துக்கொண்டு போனது. அதை எழுத மனசு வரவில்லை. லோங்காங்கோடு நிறுத்திவிட்டேன்.

மார்ச் 22, சனி
சிம்பாங் அம்பாட்டில் வாசகர் சந்திப்பு. ஒருவருக்கு, கோழி என்றால் ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் சமூகமாம். இன்னொருவர், ஆன்மா என்றார். ஐயோ ஆண்டவரே, ஆன்மாவா! சிரிப்பு தாங்கவில்லை. "கோழி கோழிதான்" என்று மைக்கில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டல் வேறு.
வரும் வழியெல்லாம் ஒரு நமைச்சல். வெறும் கோழி என்றால் பியாவாக்கை ஏன் மறைத்தேன்?

மார்ச் 25
பக்கத்து வீட்டு மங்களக்கா ரெண்டு வாரமா சரியா பேசல. புருஷன் போனதிலிருந்து அண்ணன் தனபாலன் வீட்டில்தான் இருக்காங்க. ஜாசின் டவுனில் அவர் சாப்பாட்டுக் கடையில் அக்காதான் சமையல். சம்பளம்னு ஒன்னு கிடையாது. கதையில் "தின்ன சோத்துக்கு முட்டை போடு" என்று வீட்டுக்காரி திட்டுகிற வரி இருக்கே... தன்னைத்தான் எழுதிட்டேன்னு நினைச்சுட்டாங்களோ?

மார்ச் 28
கேட்டே விட்டேன். கோபமில்லையாம், யோசனையாம். சிம்பாங் அம்பாட் ஃபேக்டரி கேண்டீனில் சமைக்கக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் உண்டு, தங்க ரூமும் உண்டு.
"போலாமா வேணாமான்னு மண்டைய பிச்சிக்கிட்டு இருந்தேன். உன் கதைய படிச்சேன். போன்னு சொல்றியா பாட்ரீசியா?"
நான் எங்கே சொன்னேன்? என் கோழி செத்தே போச்சே! அதை நம்பிப் போய் அக்காவுக்கு ஏதாவது ஆச்சுன்னா? அடுப்பில் குழம்பு இருக்கு என்று சாக்குச் சொல்லி வந்துவிட்டேன்.

மார்ச் 29
சொல்லணுமா?

மார்ச் 30, ஞாயிறு
பூசை முடிந்ததும் நேரே போய் எல்லாம் கொட்டிவிட்டேன். பியாவாக், லோங்காங் ஓரம் கிடந்த இறகு, எல்லாம். அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.
"கதையில பியாவாக் எங்க இருக்கு?"
"இல்லக்கா. நான் எழுதல."
"அப்ப செத்தது உன் கோழி லா. நான் படிச்ச கோழி வேற." அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கிட்டே சொன்னாங்க: "பியாவாக் இந்தப் பக்கமும்தானே இருக்கு."
எழுதினவள் நான். எனக்கு இது தோன்றவே இல்லையே!

ஏப்ரல் 14
அக்கா போயிட்டாங்க. ரெண்டு பை, ஒரு இட்லிச் சட்டி. பஸ் ஏத்திவிட்டு வந்து நல்லா அழுதேன். கூடவே ஒரு சந்தோஷமும்.

மே 18, ஞாயிறு
கேட்டில் தனபாலன் அண்ணன். முகம் கடுகாய்ப் பொரிந்தது. "எல்லாம் உன் கோழியால வந்த வினை. கடையில ரெண்டு சமையல்காரன் மாறிட்டான், கஸ்டமர் ஒருத்தன் நிக்கல." நான் பாலில்லாத தே ஓ கலக்கிக் கொடுத்தேன். குடித்ததும் குரல் இறங்கிவிட்டது.
"அடுத்த கதையில அது திரும்பி வர்ற மாதிரி எழுதேம்மா."
கோழி கோழிதான் என்று மைக்கில் சொன்ன அதே வாய், யோசிக்காமல் கேட்டுவிட்டது: "வந்தா சம்பளம் உண்டாண்ணே?"
எந்தக் கோழிக்கு என்று அவர் கேட்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்தார்.
"எவ்வளவு கேப்பா?" என்றார்.