கோயிலை இழுத்துக்கொண்டு போன குளிர்காலம்

1911 நவம்பர் 5, ஞாயிறு

எங்கள் வேதக்கோயிலில் ஆராதனைக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். ருஷ்யாவின் கருங்கடல் பக்கத்திலிருந்து அமெரிக்காவின் இந்த டகோட்டா புல்வெளிக்கு வந்து, ஜெர்மன்காரர்களான நாங்கள் ஸ்டைன்டால் என்ற ஊரை உண்டாக்கியபோது முப்பத்தொரு குடும்பம். இப்போது ஐந்து. ரயில் பாதை ஒன்பது மைல் தள்ளிப் போய்விட்டது. இந்தக் கோடையில் மூன்றாவது கிணறும் உப்பாகிவிட்டது. குதிரைகூட முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது.

ஆராதனை முடிந்து கூடிப் பேசியதில், வசந்தத்துக்குள் எல்லாரும் கிளம்புவது என்று முடிவாயிற்று. நான் எதிர்க்கவில்லை. உப்புத் தண்ணீரோடு யார் சண்டை போடுவது? ஆனால் என் கொழுந்தன் கோட்லீப் எழுந்து, "கோயிலைப் பிரிச்சு ஆளுக்குக் கொஞ்சம் பலகை எடுத்துக்குவோம். போற இடத்துல மாட்டுக்கொட்டகைக்கு ஆகும்" என்றான்.

கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. நான் எழுந்துவிட்டேன். "பிரிக்கக் கூடாது. அப்படியே ஸ்டேஷன் பக்கம் இழுத்துக்கிட்டுப் போவோம்."

"ஏன் அண்ணி, கோயிலுக்குக் கால் முளைச்சிருக்கா?"

பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள்.

நவம்பர் 6

வாய் தவறிச் சொன்னேனா? இல்லை. வீடுகள் பச்சைச் செங்கல். கூரையை எடுத்துவிட்டால் நாலு மழையில் மண்ணோடு மண். கோயில் ஒன்றுதான் மரம். ஐந்து குடும்பமும் ஐந்து திசைக்குப் போனபின், ஞாயிற்றுக்கிழமை கூட ஓர் இடம் இல்லாவிட்டால் நாங்கள் யாருக்கு யார்?

கொல்லர் ட்ரௌகோட்டை அழைத்துப்போய்க் காட்டினேன். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே கயிறு பிடித்து அளந்தார்.

"தரை இறுகிக் கல்லாகணும். ஜனவரிதான். அடியில ரெண்டு நீளக் கட்டை, பனிச்சறுக்கு வண்டி மாதிரி. பதினாறு குதிரை வேணும் ஒட்டீலியா."

"ஊருல பத்துதானே இருக்கு?"

"அதுல நாலு உன் கொழுந்தனோடது. மொதல்ல அதை எண்ணாம எண்ணு."

நவம்பர் 23

வடக்கே நார்வேக்காரர் பண்ணைகளுக்குப் போனேன். அவர்கள் பேச்சு எனக்கு வராது. என் பேச்சு அவர்களுக்கு வராது. பனியில் குச்சியால் கோயிலும் குதிரைகளும் வரைந்து காட்டினேன். ஒரு பண்ணைக் கிழவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நான்கு பண்ணையிலுமாக ஆறு குதிரை தருகிறார்கள்!

டிசம்பர் 10

கோட்லீப் மாட்டேன் என்கிறான். "என் குதிரை காலை ஒடிச்சுக்கிட்டா, ஏர்ல உங்களையா பூட்டுறது?"

நியாயமான கேள்வி. ஆனால் நான் விடப்போவதில்லை.

டிசம்பர் 14

கோட்லீப்பின் மகள் லிடியா வந்தாள். நாலு மாதக் கர்ப்பம். அடுப்பில் வறட்டியைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "பெரியம்மா, என் குழந்தைக்கு மாட்டுக்கொட்டகையிலதான் ஞானஸ்நானமான்னு அப்பாவைக் கேட்டேன். சாப்பிடாம எழுந்து போயிட்டாரு."

டிசம்பர் 15

காலையில் என் வாசலில் நான்கு குதிரைகள். கோட்லீப் என் முகத்தைப் பார்க்காமல், "வைக்கோல் நீங்கதான் போடணும்" என்றான்.

1912 ஜனவரி 16, செவ்வாய்

நகர்ந்தது. முதல் இழுப்பில் மணி தானாக ஒருமுறை அடித்தது. இன்று மூன்று மைல்.

ஜனவரி 17

ஐந்தாவது மைல் தாண்டி, மேட்டடியில், இடப்பக்கக் கட்டை நடுவில் பிளந்துவிட்டது. குதிரைகளுக்கு ஒன்றுமில்லை. கோயில் ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது. "இவ்வளவு நீளக் கட்டை ரயில்லதான் வரணும்" என்கிறார் ட்ரௌகோட்.

பிப்ரவரி 25

கட்டை வரவில்லை.

மார்ச் 20

பனி உருகிவிட்டது. கோயில் முழங்கால் சேற்றில். போதகர் பார்க்க வந்தார். "இனி பிரிக்கறதைத் தவிர வழியில்லைம்மா" என்றார். கோட்லீப் சாய்ந்த சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். திட்டியிருந்தால் தேவலை.

வண்டிக்குப் பின்னால் நின்று அழுதேன். என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கேன்? ஊரும் போச்சு, கோயிலும் நடுக்காட்டுல — நாலு பேரு சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாதா நான்?

மார்ச் 21

கேட்டிருக்கக் கூடாது. காலையில் மறுபடி போய்ச் சுற்றிப் பார்த்தேன். அந்த மேட்டடியில் மட்டும் நாணல் நிற்கிறது. போன வருஷ வறட்சியிலும் சாகாத நாணல். அடியில் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். கோயில் இங்கிருந்து நகராவிட்டால் நாம் இங்கே வந்து குடியேறுவது. மண்வெட்டியை எடுத்தேன்.

மார்ச் 23

இடுப்பளவு தோண்டியிருந்தேன். மேலிருந்து ஒரு நிழல். "ஏறுங்க அண்ணி. இப்படித் தோண்டினா கிணறு வராது, குழிதான் வரும்." கோட்லீப் இறங்கிவிட்டான். மதியத்துக்குள் ஐந்து வீட்டு ஆண்களும் வந்தார்கள்.

ஏப்ரல் 4

முப்பத்தெட்டடி. தண்ணீர்! கோட்லீப் தொப்பியில் மொண்டு குடித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி மொண்டான். பிறகு என்னிடம் நீட்டினான்.

உப்பில்லை.

ஏப்ரல் 19

மூன்று குடும்பம் இங்கே தங்குகிறோம். மற்ற இரண்டு குடும்பம் கலிபோர்னியாவுக்கு ரயிலேறிவிட்டது. கட்டிப்பிடித்து அழுதோம். யாரும் யாரையும் தடுக்கவில்லை. கோயிலை நிமிர்த்தி, அடியில் கல் கொடுத்தாயிற்று.

ஜூன் 9, ஞாயிறு

லிடியாவின் மகளுக்கு ஞானஸ்நானம். நார்வேக்காரர்களும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். போதகர் புத்தகத்தைத் திறந்து, "பிறந்த ஊர்? ஸ்டைன்டால்னு போடட்டுமா?" என்றார்.

"அங்க யாருமே இல்லியே ஐயா" என்றாள் லிடியா. "இவ இங்கதான் பிறந்தா."

"இங்கன்னா? இந்த இடத்துக்குப் பேரு?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்க ஐயா" என்றான் கோட்லீப். "அண்ணி யோசிச்சுச் சொல்லுவாங்க."

இன்னும் யோசிக்கவில்லை. நாளை விடிந்ததும் லிடியா வீட்டுக்குச் செங்கல் அறுக்க வேண்டும்.