பெயர் சொல்லி அழுதது

கல்லுமலைத் தேயிலைத் தோட்டம், மேல்பிரிவு,
பெரகல.
03.03.2024

அன்புள்ள சுதாவுக்கு,

நாங்கள் அனைவரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இது. இன்று அப்படி எழுத வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நீ தொகுத்து அனுப்பிய மலர்ப் புத்தகம் கிடைத்தது. வழவழப்பான தாளில் என் தங்கச்சி சிவசக்தியின் படம், கீழே என் பெயர், மேலே பெரிய எழுத்தில் ‘இரங்கற்பா’. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து நான் என்ன பாடினேன்?

‘கூடு தொங்குதுன்னு கும்புட்டுச் சொன்னியே
ஏறுடி மலையின்னு ஏத்திவிட்டான் ஜெயரூபன்’

நீ போட்டிருப்பது என்ன?

‘கூட்டுக்குள் குளவியை யாரறிவார் கண்மணியே
ஏற்றியதும் விதியன்றோ எடுத்ததுவும் விதியன்றோ’

யாரறிவாரா? காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாளே! ‘ஐயா, ஏழாம் நம்பர் மலையில குளவிக்கூடு இருக்குங்க’ என்றாள். கணக்கப்பிள்ளை ஜெயரூபன், ‘குளவிக்குப் பயந்தா கொழுந்த யாரு எடுக்குறது, ஏறு’ என்று விரட்டினான். மத்தியானம் அவளைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தோம். என் பாட்டைப் போனில் பதிந்தவள் நீதானே? உனக்குக் காது கேட்கவில்லையா?

பாக்கியம்


பதுளை.
09.03.2024

அன்புத் தோழி பாக்கியத்துக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. சின்ன வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள் நாம். உனக்குக் கெடுதல் நினைப்பேனா?

வெறும் ஒப்பாரி என்று போட்டால் சபையில் மதிக்க மாட்டார்கள், பாக்கியம். இரங்கற்பா என்றால் இறந்தவரை நினைத்து மனம் இரங்கிப் பாடுவது. அதற்கென்று ஓர் அடக்கம் உண்டு. ஆளின் பெயரைச் சொல்லித் திட்டுவது அதில் வழக்கமில்லை. இரண்டு அடியைத்தான் மாற்றினேன். மலர் வெளியீட்டு விழாவுக்கு உங்கள் தோட்டத்து மானேஜர் துரைதான் தலைமை. உன் பாட்டை வாசித்தபோது அவரே கண்ணைத் துடைத்தார். சிவசக்தியின் பெயர் அச்சில் ஏறியிருக்கிறது, அதில் உனக்குக் கொஞ்சமும் சந்தோஷம் இல்லையா?

மகளுக்குத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தாயிற்றா? கேட்டதாகச் சொல்.

உன் சுதா


மேல்பிரிவு.
20.03.2024

சுதா,

துரை கண்ணைத் துடைத்தாரா? துடைப்பார், துடைப்பார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

பள்ளிக்கூடத்தில் நீ டீச்சராக இருக்கலாம், ஒப்பாரி பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. செத்தவளால் பேச முடியாது, அவளுக்காக நாம் நியாயம் கேட்கிறோம், அதுதான் ஒப்பாரி. துக்க வீட்டில் பாடுகிறவள் வாயை யாரும் அடைக்கக் கூடாது. மாலையோடு வந்த ஜெயரூபன், தன் பெயரைக் கேட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றானா இல்லையா? வருசம் முழுக்க ‘சரிங்க ஐயா’ என்று நிற்கிற நமக்கு அந்த ஒரு நாள்தான்டி வாய்.

நேற்று பதுளைத் தொழில் ஆபீசில் சக்தியின் சாவு பற்றி விசாரணை. தோட்டத்து வக்கீல் உன் மலரைத் தூக்கிப் பிடித்தார். ‘சொந்த அக்காவே விதின்னுதான் பாடியிருக்காங்க. கூடு இருந்தது யாருக்கும் தெரியாதுன்னும் அவங்களே சொல்றாங்க’ என்றார். அது என் பாட்டில்லை என்றேன். ‘உங்க பேருதானே போட்டிருக்கு?’ என்று கேட்டார். கூடக் கொழுந்து எடுத்த மூன்று பெண்களும் பயந்து, ஒன்றும் தெரியாது என்றுவிட்டார்கள்.

கூடு இன்னும் அங்கேதான் தொங்குகிறது. மகளுக்குப் பேர் பதிந்தாயிற்று. அடுத்த மாதம் ஏழாம் நம்பரில் கொழுந்து எடுக்கும்போது அவளும் அதில் ஏற வேண்டும்.

விசாரணைக்கு அடுத்த தவணை இரண்டாம் திகதி. உன் போனோடு வா. நான் பாடியதை அப்படியே போட்டுக் காட்டு. மாற்றியது நீதான் என்று ஒரு வார்த்தை சொல். திட்டுவதையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்கிறேன். வந்துவிடுடி.

பாக்கியம்


பதுளை.
27.03.2024

பாக்கியம்,

பதிவு என்னிடம் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் வர முடியாது.

என் வீட்டுக்காரர் நிமலன் உங்கள் தோட்ட ஆபீசில்தான் வேலை செய்கிறார். துரை அவரைக் கூப்பிட்டு, ‘ஒங்க மிஸிஸ் புத்திசாலி, இதுலெல்லாம் தலையிட மாட்டாங்க’ என்றாராம். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? பதிவை மட்டும் அனுப்பினாலும் யார் கொடுத்தது என்று தெரிந்துவிடும். எனக்கும் இரண்டு பிள்ளைகள். உன் காலில் விழுகிறேன், என்னை வெறுத்துவிடாதே.

சுதா


மேல்பிரிவு.
03.04.2024

சுதர்ஷினி டீச்சருக்கு,

நேற்று பத்து மணி வரைக்கும் விசாரணை ஆபீஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கங்கெட்டவள். நீ வரவில்லை.

‘வேற சாட்சி இருக்கா?’ என்று அதிகாரி கேட்டார். சாவில்லாத இடத்தில் ஒப்பாரி பாடினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். இனிமேல் ஆவதற்கு என்ன இருக்கிறது என்று அந்த ஆபீஸ் தரையிலேயே உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டுப் பாடினேன். வக்கீல் ‘சேர், இத நிப்பாட்டுங்க’ என்று எழுந்தார். அதிகாரி அவரைத்தான் உட்காரச் சொன்னார். ‘ஏத்திவிட்டான் ஜெயரூபன்’ என்ற அடி வந்ததும் அந்த மூன்று பெண்களும் எழுந்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ‘ஆமாங்க ஐயா, சக்தி சொன்னிச்சு, எங்க காதால கேட்டோம்’ என்றார்கள். அதிகாரி ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொண்டார். கூட்டை எடுக்கும்வரை ஏழாம் நம்பரில் ஆள் ஏற்றக் கூடாது என்று உத்தரவு. என் மகள் இன்று கொழுந்துக்கு வேறு மலைக்குப் போயிருக்கிறாள்.

நிமலனுக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதே. நீதான் வரவில்லையே.

பாட்டில் நேற்று இரண்டு அடி கூட்டினேன்.

‘கூடப் படிச்சவதான் குத்தத்தை மறைச்சாளே
ஏட்டுல பொய்யெழுதி எங்க சுதர்ஷினி’

மூன்று பேரும் பஸ்ஸில் வரும்போதே அதைப் பாடமாக்கிவிட்டார்கள். சக்தியை நினைத்து இந்த லயத்து வீடுகளில் யார் அழுதாலும் இனி இப்படித்தான் அழுவார்கள். அடுத்த மலரில் நீ இதையும் போடலாம், டீச்சர். ஓர் எழுத்தை மாற்றாதே.

பாக்கியலெட்சுமி