பாலகாட் இறக்கத்தில் ஆடிய சக்கரம்

ராபர்ட்சன்பேட்டை
கார்த்திகை, 1997

அன்புள்ள புஷ்பவல்லிக்கு,

நான் இங்கே சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகந்தானே? அத்தை உன்னை வேளைக்குச் சாப்பிட வைக்கிறார்களா?

நேற்று ஒன்று நடந்தது, பயப்படாதே. பக்கத்து வீட்டு ஜெயம்மாவின் மகள் நேத்ராவுக்குப் பிரசவ வலி கண்டது. இருவரையும் முதலாளியின் பிக்கப் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். வழியில் பாலகாட் இறக்கத்தில் பின்சக்கரம் ஆடியது. இறங்கிப் பார்த்தால் பாதி நட்டுகளைக் காணோம். மிச்சமிருந்தவை மரை தேய்ந்து, கை பட்டாலே சுழன்றன.

“இன்னா தம்பி, நின்னுட்டே?” என்றார் ஜெயம்மா.

“காத்து இருக்குதான்னு பாக்கறேம்மா.”

“சீக்கிரம் எடுப்பா, புள்ள தாங்க மாட்டா.”

மற்ற சக்கரங்களிலிருந்து நல்ல நட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி இதில் முடுக்கினேன். ஸ்பேனர் வழுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு ஆள் நடக்கும் வேகத்தில்தான் ஓட்டினேன். நேத்ரா கத்தும்போதெல்லாம் கால் வேகத்தைக் கூட்டப் போனது, அடக்கிக்கொண்டேன். அவர்களை ஆஸ்பத்திரியில் பத்திரமாக இறக்கிவிட்டேன். பெண் குழந்தை, இருவரும் நலம். புது நட்டு போடாமல் வண்டியைத் தொடமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

இங்கே குளிர் அதிகம். யாராவது வந்தால் என் ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்பு. டாக்டர் நாள் சொன்னதும் உடனே எழுது. வலி வந்த பிறகு நீ வண்டி தேட வேண்டாம், அதற்கு முன்பே நான் வந்து பக்கத்தில் இருப்பேன். தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், முடிக்கிறேன்.

பக்தவச்சலம்