செவ்வாய் என்று சொன்னேன்

செப்டம்பர் 4, வியாழன்

காலையிலேயே புழுக்கம். மழை வரும் வரும் என்று ரேடியோ சொல்வதோடு சரி. வடுவூர் தாண்டியதும் பாதிச் சாலையில் குறுவை நெல் காய்கிறது. பஸ் டிரைவர் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினார், வாய் மட்டும் ஓயவில்லை.

கல்லூரியில் முதலாமாண்டு ஆங்கில வகுப்பு. ரெஃப்யூஸ், டிக்ளைன், ஃபெயில், ஹெசிடேட். 'இல்லை' என்பதை உள்ளேயே வைத்திருக்கும் வினைகள். பின்னால் 'டு' போட்டு அடுத்த வினை. பாதிப் பேர் கூடவே ஒரு 'நாட்'டையும் சொருகிவிடுகிறார்கள். "அவர் வர மறுத்தார், அவ்வளவுதான். இன்னொரு இல்லை வேண்டாம்" என்று விளக்கினேன்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி: "மறுத்தார்னு யாரு மேடம் பேசறா? எங்க வீட்ல மாட்டேன்னுட்டாரும்பாங்க."

பக்கத்தில் இருந்தவள்: "எங்க வீட்ல அதுவும் சொல்ல மாட்டாங்க மேடம். பாக்கலாம்பாங்க. அதோட ஆள் காணாமப் போயிடும்."

ஒரே சிரிப்பு. நானும்.

மாலை பஸ்ஸில் ரேவதி. எம்.ஏ. படித்த நாளிலிருந்து பக்கத்து இருக்கை, இப்போது துறையிலும் பக்கத்து மேசை. தஞ்சாவூர் வரும்வரை அவள் மகன் கார்த்திக் பேச்சுதான். கடைசியில் கேட்டே விட்டாள். "நிவி என்னடி சொல்றா? நீ குடுத்த ஜாதகத்தை எங்க பக்கம் பார்த்தாச்சு. பொருத்தம் நல்லா இருக்காம். எனக்கு உன் பொண்ணு வந்தா போதும்."

ஞாயிறு பேசுகிறேன் என்றேன்.

வாங்க வேண்டியவை: தேங்காய் எண்ணெய், சிவப்பு பேனா, இவருக்கு பி.பி. மாத்திரை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பெங்களூருக்கு போன். நிவி யோசிக்கக்கூட இல்லை. "கார்த்திக் ரொம்ப நல்லவன்மா. ஆனா எனக்கு அப்படித் தோணலை. இப்போதைக்குக் கல்யாணமே வேண்டாம். ஆன்ட்டிகிட்ட நேரா சொல்லிடு, புரிஞ்சுப்பாங்க."

இவர் பேப்பரை இறக்காமலே: "நேரா எப்படிச் சொல்றது? ஜாதகம் சேரலைன்னுடு. யார் மனசும் நோகாது."

உண்மைதான். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். என் தங்கைக்கு வந்த இடங்கள் பலவும் அப்படித்தான் போயின. நாங்களும் சிலருக்குச் சொல்லியிருக்கிறோம். கேட்பவருக்கும் தெரியும், அது வெறும் மரியாதை.

எனக்குக் கட்டத்தில் நம்பிக்கை கிடையாது. ரேவதி கேட்டாள் என்றுதான் பீரோவைக் குடைந்து எடுத்துக் கொடுத்தேன். அதே கட்டம் இப்போது உதவுகிறது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சொல்லிவிட்டேன். துறை அறையில் வேறு யாரும் இல்லாதபோது. "ஜாதகம் சேரலையாம் ரேவதி."

வழக்கமாக அங்கே முடிந்துவிடும். 'எங்களுக்குக் கொடுத்து வைக்கலை' என்பார்கள். இவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்: "எது சேரலை? எங்க ஜோசியர் ஒண்ணும் சொல்லலையே."

இதை எதிர்பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "கார்த்திக் கட்டத்துல செவ்வாய் தோஷம் இருக்காம்."

"செவ்வாயா?"

பேனாவைத் திரும்பக் கையில் எடுத்தாள். சாப்பிட்டாயா என்றாள்.

செப்டம்பர் 17, புதன்

இரவு நல்ல மழை. சாலையில் கொட்டியிருந்த நெல் என்ன ஆயிற்றோ. காலையில் தார்ப்பாய்கள் மட்டும் தெரிந்தன.

ரேவதி நேற்று லீவு. இன்று வந்ததும் என் உள்ளங்கையில் திருச்சாந்து உருண்டை. செவ்வாய் தோஷத்துக்குப் போகும் வைத்தீஸ்வரன் கோயிலின் பிரசாதம். "நிவிக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கிட்டேன். அவளுக்கு நல்ல இடமா அமையணும்."

வேறொரு ஜோசியரிடமும் போயிருக்கிறாள். "முதல்ல தோஷமெல்லாம் இல்லவே இல்லைன்னார். ஒரு இடத்துல இருக்குன்னு சொல்லியிருக்காங்களேன்னேன். திரும்பப் பார்த்துட்டு, லேசா இருக்குதான்னார். நல்லவேளை உங்க ஆள் கண்டுபிடிச்சார். யாருடி அவர்? நம்பர் குடேன்."

அப்படி ஓர் ஆளே இல்லை. "இவருக்குத் தெரிஞ்சவர். கேட்டுச் சொல்றேன்" என்றேன். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொன்று.

உருண்டை கைப்பையில் இருக்கிறது. தூக்கிப் போடவும் முடியவில்லை, வாயில் போடவும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ரேவதி இன்றும் லீவு. செவ்வாய்தோறும் ஒருவேளை சாப்பாடாம். மூட்டு வலியோடு ரயிலேறி அதே கோயிலுக்குப் போய், கொடிமரத்தடியில் உப்பும் மிளகும் போட்டு, பிரகாரம் சுற்றி.

டெஸ்ட் பேப்பர் திருத்தினேன். ஹெசிடேட் வைத்து ஒருத்தி: 'சம்பந்தி வீட்டில் இரண்டாம் முறை சாம்பார் கேட்க என் அப்பா தயங்குகிறார்.' முழு மதிப்பெண்.

செப்டம்பர் 25, வியாழன்

பஸ்ஸில் ரேவதி உற்சாகமாக ஆரம்பித்தாள். கும்பகோணத்தில் ஓர் இடமாம். பெண் பேங்க்கில். போட்டோ காட்டினாள். கார்த்திக்குக்குப் பிடித்துவிட்டது, இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். "நேத்து ராத்திரி அவன் சிரிச்ச சத்தம் ஹாலுக்குக் கேட்டுச்சு."

பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஆனா செவ்வாய் விஷயத்தைச் சொல்லிட்டேன். மறைக்கலாமா? அதுவும் ஒரு பொண்ணோட வாழ்க்கை இல்லையா? கலந்துக்கிட்டுச் சொல்றோம்னாங்க."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவள் ஆட்டோ ஏறும்வரை பேசாமலே நின்றேன்.

வகுப்பில் இந்த வினைகளையெல்லாம் ஒரே வரிசையில் எழுதிப் போடுகிறோம். ஒன்றல்ல. தயங்கினாள் என்றால் பிறகு சொல்லியும் இருக்கலாம். ஃபெயில் என்றால் சொல்லவே இல்லை.

செப்டம்பர் 27, சனி

அவள் வீட்டுக்குப் போனேன். முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை.

"ரேவதி, கார்த்திக்குக்குத் தோஷம் எதுவும் இல்லை. நான் எந்த ஜோசியரையும் பார்க்கலை. நிவி வேண்டாம்னுட்டா. சொல்ல வாய் வரலை. அதான்."

புரியாமல் பார்த்தாள். "எந்த ஜோசியரையும் பார்க்கலைன்னா?"

திரும்பச் சொன்னேன்.

தைலக் குப்பியை மூடி, கையைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லைன்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான்டி நம்பினேன். வேற யாராவது சொல்லியிருந்தா சாக்குன்னு விட்டிருப்பேன். மாலதியே வந்து செவ்வாய்ங்கறாளே, அப்ப ஏதோ இருக்குன்னு..."

எனக்கு அது அர்த்தமில்லாத சொல். யாருக்குமே அர்த்தமில்லை என்று எடுத்துக்கொண்டேன். என் படிப்பு, என் அவநம்பிக்கை, எல்லாம் சேர்ந்து அதற்கு எடை கூட்டியிருக்கிறது.

"வேண்டாம்னு சொல்லியிருந்தா ஒரு வாரம் உன் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டேன். அவ்வளவுதானே?"

பிறகு என் எதிரிலேயே கும்பகோணத்துக்குப் போன் போட்டாள். "தோஷம் இல்லைங்க. எங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டாங்க." யார் என்று சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல், மிகவும் மரியாதையாக: "அதனால என்னங்க. நீங்க உள்ளதை உள்ளபடி சொன்னவங்க. எங்களுக்குத்தான் கொடுத்து வைக்கலை. வேற இடத்துல பேசி முடிச்சுட்டோங்க."

போனை வைத்தாள். காபி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எளிதாக வந்தது.

செப்டம்பர் 29, திங்கள்

பஸ்ஸில் ரேவதி முன்னால் பெண்கள் இருக்கையில், தெரியாத யாரோடோ. கார்த்திக்குக்கு நான் போன் செய்து மன்னிப்புக் கேட்டதற்கு, "விடுங்க ஆன்ட்டி" என்று மட்டும். கோபப்பட்டிருந்தால் தேவலை. படவில்லை.

கேஸ் புக் செய்தேன். நிவியிடம் எதுவும் சொல்லவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

ரேவதி லீவு. உடம்பு சரியில்லையோ என்று மெசேஜ் அனுப்பினேன். பதினோரு மணிக்குப் பதில். கோயிலிலிருந்து.

'நீ சொன்னது பொய்யாவே இருக்கட்டும். அந்த ரெண்டாவது ஜோசியரும் இருக்குன்னாரே. கும்பகோணமும் தட்டிப் போச்சு. எனக்கு இப்ப எது நிஜம்னு தெரியலை. நிறுத்த பயமா இருக்கு.'

அவள் வகுப்புக்கு ஆள் இல்லை. இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் நெருக்கி உட்காரவைத்து நானே எடுத்தேன்.